அங்கே 7.17, இங்கே 7.30

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கு நம் இஸ்ரோ அனுப்பிய மங்கள்யான் விண்கலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஒரு வரி நெருடிக்கொண்டே இருக்கிறது. 2014 செப்டம்பர் 24 காலை 7.17-க்கு பெங்களூருவிலிருந்து கட்டளை கொடுத்ததும் செவ்வாய்க்கு அருகே எஞ்சின் எரியத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாரும் கட்டளை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அது போய்ச் சேர 7.30 ஆகியிருக்கும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் முத்துப்பேட்டையில் பல வருடம் எஸ்.டி.டி. பூத் (காசு கொடுத்து வெளியூர், வெளிநாட்டுக்குப் போன் பேசும் கடை) நடத்தியவன். வளைகுடா நாடுகளுக்குப் பேச வருகிறவர்கள்தான் அதிகம். சில அழைப்புகள் செயற்கைக்கோள் வழியாகப் போகும். 36,000 கி.மீ. மேலே ஏறி, அதே தூரம் கீழே இறங்க வேண்டும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடினாலும் அதற்குக் கால் நொடி பிடிக்கும். பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அக்கா "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். உடனே சத்தம் வராது. லைன் போய்விட்டது என்று பயந்து "ஹலோ, ஹலோ" என்பார். சரியாக அப்போது கணவரின் பதில் வந்து அதன்மேல் மோதும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். மீட்டரில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருக்கும். நான் கண்ணாடியைத் தட்டி, "பேசி முடிச்சதும் மனசுக்குள்ள ஒண்ணு எண்ணுங்கக்கா" என்று சொல்லிக் கொடுப்பேன்.

அரை நொடிக்கே அந்தப் பாடு. மங்கள்யான் அன்று இருந்தது சுமார் 22 கோடியே 40 லட்சம் கி.மீ. தூரத்தில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 12½ நிமிடம், கேட்டுப் பதில் வாங்க 25 நிமிடம். வேகத்தைக் குறைத்துச் செவ்வாயைச் சுற்றத் தொடங்குவதற்காக எஞ்சின் எரிய வேண்டிய மொத்த நேரமே சுமார் 24 நிமிடம்தான். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் இங்கிருந்து திருத்த வழியே இல்லை. அதனால்தான் செய்ய வேண்டிய அத்தனையையும், எந்த நொடியில் எது என்று, பல நாட்களுக்கு முன்பே அதன் கணினியில் ஏற்றிவைத்தார்கள். 2013 டிசம்பர் 1-க்குப் பிறகு ஏறக்குறைய 300 நாள் சும்மா கிடந்த எஞ்சின் அது. எரியுமா என்று பார்க்க செப்டம்பர் 22-ஆம் தேதி நான்கு நொடி மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் காலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'எஞ்சின் எரிகிறது' என்ற தகவல் பூமிக்கு வந்தபோது மணி 7.30. அதற்குள் அங்கே எஞ்சின் பாதி வேலையை முடித்துவிட்டது. அப்புறம் விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது. எஞ்சின் நின்றதும் அந்த மறைவில்தான். சரியாக நின்றதா, வேகம் போதுமான அளவு குறைந்ததா என்பது தெரிய எட்டு மணி வரை காத்திருந்தார்கள். எது நடந்திருந்தாலும் அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் மனநிலையை உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரி முழுங்கிவிட்டது.

பக்கத்தில் இருக்கும் நிலவுக்கே 1.3 நொடி ஆகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் தரையிறங்கும் கலமான விக்ரம் நிலவில் இறங்கத் தொடங்கியபோது அதன் வேகம் நொடிக்கு சுமார் 1.7 கி.மீ. நாம் பார்த்து, முடிவெடுத்து, சொல்லி அனுப்புவதற்குள் நான்கு கி.மீ. தாண்டியிருக்கும். அதுவும் தானே வழி பார்த்துத்தான் தரையிறங்கியது.

நாசாவின் வாயேஜர்-1 விண்கலத்தின் கதை இன்னும் பெரிது. 1977-இல் புறப்பட்டது. 2023 நவம்பரில் அதன் கணினி நினைவகத்தில் ஒரு சிப் கெட்டு, புரியாத தகவலாக அனுப்பத் தொடங்கியது. தூரம் சுமார் 2,400 கோடி கி.மீ. சிப்பை மாற்ற முடியாது. அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களில் வைக்க முடிவு செய்தார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டுக்கான கட்டளையை அனுப்பினார்கள். அது போக 22½ மணி நேரம், பதில் வர 22½ மணி நேரம். ஏப்ரல் 20 அன்றுதான் பலித்தது தெரிந்தது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடைக்க கிட்டத்தட்ட இரண்டு நாள்!

ஒரே ஒரு வேண்டுகோள். விண்வெளிச் செய்தி போடும்போதெல்லாம் இரண்டு நேரத்தையும் போடுங்கள்: அங்கே நடந்தது எப்போது, இங்கே தெரிந்தது எப்போது. ஒரு வரி இடம் போதும். உங்கள் இதழைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இது ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார் மாதிரி என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. 2026 நவம்பரில் வாயேஜர்-1-க்கும் நமக்கும் இடையே ஒளி ஒரு முழு நாள் பயணிக்கும் தூரம் வந்துவிடும். அன்றைக்கு நீங்கள் போடும் செய்தியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
முத்துப்பேட்டை