பதின்மூன்று நீலப் பெட்டிகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நேற்று மாலை கடைசிப் பெட்டியையும் திறந்து, கடைசித் தாளையும் காய வைத்துவிட்டோம். மனம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அறக்கட்டளையின் கோப்புகள் இருந்த என் நிலவறைக்குள் தண்ணீர் வந்த இரவைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் முழங்கால் வரை நனைந்து என்னோடு நின்றவர்கள். வாளியோடு வந்தவர்கள், வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள், மூன்று நாளும் சோறும் கறியும் அனுப்பிய வீடுகள், ரொறன்ரோவின் நிதி நிறுவனங்கள் இருக்கும் பே வீதி அலுவலகத்திலிருந்து கோட்டுச் சூட்டோடு நேரே வந்து தரை துடைத்த என் பழைய சகாக்கள், எங்கள் கணக்காளர், எல்லோருக்கும் என் நன்றி. ஜூன் 30க்குள் வருடாந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும் என்று நான் பதறியபோது, "அது என் பொறுப்பு, நீங்கள் தாள்களைப் பாருங்கள்" என்றார் அந்தக் கணக்காளர். அந்த ஒரு வார்த்தையில்தான் அன்றைக்குத் தூங்கினேன்.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் சகோதரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் காய வைக்க முடியாதவற்றை உறைய வையுங்கள், உறைந்தால் எத்தனை மாதமும் தாங்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னது அவர்தான். சரி, உறைய வைக்கலாம். ஆனால் நானூறு கோப்புகளை எங்கே வைப்பது? வீட்டுக் குளிர்பெட்டிகளில் பத்துப் பதினைந்து கோப்புகளுக்கு மேல் போகாது. சேமிப்புக் கிடங்குகளைக் கேட்டால், திங்கட்கிழமை படிவம் நிரப்பித் தாருங்கள் என்றார்கள். அன்று வியாழக்கிழமை.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நான் பத்து வருடமாக மீன் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அவரிடம் உதவி கேட்க வேண்டும் என்றுகூட நான் போகவில்லை. பெரிய உறைபெட்டி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கத்தான் போனேன். அவர் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கையை நிறுத்தவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை பெட்டி தம்பி?"

"பன்னிரண்டு, பதின்மூன்று வரும் அண்ணை."

"கொண்டு வாங்கோ."

அவ்வளவுதான். என்ன தாள், யாருடைய தாள், எத்தனை நாள், வாடகை எவ்வளவு, ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் போய்த் தன் நீலப் பெட்டிகளைத் தானே கழுவினார். தாள்களைக் கட்டுக் கட்டாக மெழுகுத் தாளில் சுற்றி, இரண்டு பொலித்தீன் உறைகளில் போட்டு அடுக்கினோம். மைனஸ் 18 பாகையில் ஒரு முழு உறைபெட்டியை எங்களுக்காகக் காலி செய்து தந்தார். வெள்ளிக்கிழமை வர வேண்டிய அறுக்குளா மீனை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அவருடைய மகள் சொல்லித்தான், அதுவும் இரண்டு வாரம் கழித்துத்தான், அறிந்தேன். மீன்கடைக்காரருக்குச் சனிக்கிழமை வியாபாரம் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிகளில் இருந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போர் நடக்கும் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் சட்டப் பட்டச் சான்றிதழ். மூலப் பிரதி. அவர் படித்த பல்கலைக்கழகத்தில் இன்று இன்னொன்று கேட்டு வாங்க ஆளில்லை. உறைந்த கட்டிலிருந்து அதைப் பிரிக்கும்போது சலசலவென்று அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வெண்ணெய்க் கத்தியை அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முத்திரை ஓரத்தில் லேசாக ஊறியிருக்கிறது. பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றன.

அந்த மூலப் பிரதி ஏன் என் நிலவறையில் இருந்தது? நான் கேட்டதால்.

இலங்கைச் சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு, 1996இல் ரொறன்ரோவுக்கு வந்தவன் நான். இரவில் காவல் வேலை பார்த்துக்கொண்டு பாடங்களை மறுபடி எழுதி, இன்றைக்கு ஒன்ராறியோ சட்டச் சங்கம் என்கிறோமே, அன்றைக்கு மேல் கனடாச் சட்டச் சங்கம், சட்டத்தரணிகளுக்கு உரிமம் கொடுக்கும் அந்தச் சங்கத்தில் சேர நாலு வருடம் பிடித்தது. பிறகு பதினொரு வருடம் நிறுவனச் சட்டம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, வாங்குகிறவர் சார்பில் இருநூறு கேள்வி கேட்பதுதான் என் வேலை. அப்புறம் முதலீட்டு நிறுவனம். அங்கே கேள்விகள் இன்னும் கூடின, ஒரு டாலர் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு தொழிலும் எனக்குச் சோறு போட்டவை, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பிறத்தியார் பணத்தைக் கையாள்கிறவன் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் வெளிநாட்டுச் சட்டத்தரணிகளின் தேர்வுக் கட்டணத்துக்காக இந்த அறக்கட்டளையைத் தொடங்கியபோதும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேன். வெளிநாட்டுச் சட்டப் படிப்பை எடைபோடும் தேசிய அங்கீகாரக் குழுவின் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, கனடிய அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் என்று எழுதித் தேற வேண்டியவர்கள் அவர்கள். பகலில் பெட்டி தூக்கி, இரவில் படிக்கிறவர்கள். அவர்களிடம் பதினொரு பக்கப் படிவமும், இரண்டு பரிந்துரைக் கடிதமும், மூலச் சான்றிதழும் கேட்டேன். வருமான வரித்துறை எங்களிடம் கணக்கையும் பதிவேட்டையும் கேட்கிறது, அது நியாயம். நற்பணியில் நேரடியாகப் பயன்படாமல் சும்மா இருக்கும் சொத்தில் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு, 2023 முதல் ஆண்டுக்கு 5 சதவீதம் நற்பணிக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருத்தியின் ஒரே பட்டச் சான்றிதழை வாங்கி நிலவறையில் வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது நானாகக் கேட்டது. முப்பது வருடத்துக்கு முன் என்னுடைய கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவன், அதை மறந்துவிட்டேன்.

இந்த மாதம் முழுக்க அண்ணையின் அந்த ஒரு கேள்விதான் காதில் இருக்கிறது. தேவை எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் விண்ணப்பத்திலிருந்து படிவம் ஒரு பக்கம்தான் இருக்கும். மதிப்பீட்டுக் கடிதத்தின் படம் ஒன்றைத் தொலைபேசியில் எடுத்து அனுப்பினால் போதும், மூலப் பிரதியை இனி நாங்கள் தொடமாட்டோம். பணிப்பாளர் சபை சென்ற செவ்வாய்க்கிழமை இதை ஒரே மனதாக ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே எங்களிடம் மூலச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். சிலவற்றில் சுருக்கம் விழுந்திருக்கிறது, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் சான்றிதழை இன்று காலை கொடுத்துவிட்டேன். வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். மீன் வாசம் இல்லை.

அண்ணை, உங்கள் பெட்டிகள் பதின்மூன்றும் கழுவி என் வீட்டு முற்றத்தில் காய்கின்றன. வெள்ளிக்கிழமை லொறி வருவதற்கு முன் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். அறுக்குளாவில் இரண்டு கிலோ எனக்கு எடுத்து வையுங்கோ.