ஓசோன் இயந்திரத்தால் மீன் குஞ்சுகள் செத்தது பற்றிய புகார்

விற்பனைப் பிரிவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் திலாப்பியா குஞ்சு வளர்த்து விற்கிறேன். தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்ல உங்களிடம் வாங்கிய ஓசோன் இயந்திரத்தை உங்கள் ஆளே வந்து பொருத்தி, அளவையும் அவரே திருகி வைத்துவிட்டுப் போனார். குஞ்சுகளுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு, மிச்ச ஓசோனெல்லாம் ஆக்ஸிஜனாக மாறிவிடும், பயப்படாதீர்கள் என்றார். இப்போது குஞ்சுத் தொட்டிகள் பாதிக்கு மேல் காலி.

போன் செய்தால், தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும், ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள் என்று ஒரே பதில். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன், ஆக்ஸிஜன் நன்றாகவே இருந்தது. அப்படியும் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, தண்ணீர் விழும் குழாயை விட்டு எதிர்மூலையில் போய் ஒண்டின. செத்ததை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிப்போய்ச் சளி மூடியிருந்தது. ஓசோன் செவுளின் மெல்லிய தோலை அரித்துவிட்டால் தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தும் மீனால் இழுத்துக்கொள்ள முடியாது. அதே தண்ணீர் போகும் தாய்மீன்கள் தீனி குறைத்ததோடு சரி, அடி வாங்கியது குஞ்சுகள்தான்.

ஓசோன் ஆக்ஸிஜனாக மாறும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், அதுவரை அது விஷம். நீங்கள் பொருத்தியதில் தண்ணீர் தங்கி வர ஒரு தொட்டி இல்லை, மிச்ச ஓசோனை நீக்கக் கரி வடிகட்டி இல்லை, புற ஊதா விளக்கும் இல்லை, குழாய் நேரே குஞ்சுத் தொட்டிக்குப் போகிறது. எங்கள் ஓடைத் தண்ணீர் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடி வருவது, மழை பெய்தால் பால் கலக்காத தே-ஓ நிறத்தில்தான் வரும், அப்போது ஓசோன் முழுக்க அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். மழை விட்டுத் தண்ணீர் தெளிந்தால் ஓசோனைத் தீர்க்க ஒன்றும் இல்லை, இயந்திரமோ அதே அளவில் ஓடுகிறது, மிச்சமெல்லாம் குஞ்சுகளுக்குப் போகிறது. சாவு தொடங்கியதும் தண்ணீர் தெளிந்த பிறகுதான். கொட்டகையிலும் மூக்கைத் துளைக்கும் வாடை, உதவிக்கு வரும் அக்காவுக்குத் தலைவலி, இருமல்.

கிருமி சாக லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாவது சில நிமிஷம் தண்ணீரில் நிற்க வேண்டும். டிரவுட் மீனை வைத்து 1979இல் வந்த ஆய்வில் 0.0093 மில்லிகிராமிலேயே 96 மணி நேரத்தில் பாதி மீன் செத்திருக்கிறது, 0.002ஐத் தாண்டாமல் இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார்கள். டிரவுட் குளிர்நாட்டு மீன், திலாப்பியாவுக்கு அதே கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிருமிக்கு வேண்டிய அளவும் மீன் தாங்கும் அளவும் இவ்வளவு தூரம் விலகியிருக்கும்போது இடையில் ஒன்றும் வைக்காமல் குழாய் விடுவது எப்படிச் சரியாகும்? உங்கள் கையேட்டில் குஞ்சு பற்றி ஒரு வரிகூட இல்லை.

இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள், செத்த குஞ்சுகளுக்கும் ஈடு வேண்டும். அப்புறம், இதே இயந்திரத்தை வாங்கிக் குஞ்சு வளர்க்கும் மற்றவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள், என் கணக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம். இதன் நகலை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் கொடுக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.