பிபிஎல்லுக்கும் சிபிஎல்லுக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானி ஆக விரும்பும் இளைஞர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) எடுத்த பிறகு, ‘தேவையான மணிநேரங்களைச் சேர்த்துக்கொண்டு’ சிபிஎல் (வணிக விமானி உரிமம்) பயிற்சிக்குப் போகலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரியில்தான் நான் ஓராண்டைத் தொலைத்தேன்.

பிபிஎல் வாங்கும்போது பறந்த நேரத்தைப் பதியும் என் லாக்புக்கில் 52 மணி நேரம் இருந்தது. சர்வதேச விதிப்படி சிபிஎல்லுக்குப் பொதுவாக 200 மணி நேரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியில் சேர்ந்தால் 150. சரி, எண்ணிக்கைதானே என்று கிளம்பிவிட்டேன். நல்ல வெயில், காற்றில்லாத காலை, பழகிய அதே ஓடுபாதை, அதே ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். திரையில் ஜிபிஎஸ் கோடு போட்டுத் தரும், நான் அதன் மேலேயே போவேன். இப்படியே 60 மணி நேரம். உண்மையில் ஒரே மணி நேரத்தைத்தான் அறுபது முறை ஓட்டியிருக்கிறேன்.

பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே சாயம் வெளுத்தது. இன்ஸ்ட்ரக்டர் என் தலையில் ஹூட்டை மாட்டினார். வெளியே எதுவும் தெரியாது, கருவிகள் மட்டும்தான். விமானம் நேராகப் போகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். கருவியோ வலப்பக்கம் 30 டிகிரி சாய்ந்திருப்பதாகக் காட்டியது. உள்காது அப்படி ஏமாற்றும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க சராசரியாக 178 விநாடிகள் போதுமானதாக இருந்தது. எனக்கு அத்தனைகூட ஆகியிருக்காது.

அப்புறம் பழைய பழக்கங்களை விட்டொழிக்கவே மாதங்கள் போயின. உயரம் 100 அடி ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாமல் விடுவது, ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் பக்கக்காற்று என்றால் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுக்குப் போவது, எல்லாம் நானே வளர்த்தவை. இன்று மறுபடி தொடங்கினால், ஒவ்வொரு முறையும் ஒரு வேலையோடுதான் கிளம்புவேன். ஒருநாள் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு வரைபடம், திசைகாட்டி, கடிகாரத்தோடு போவேன். மறுநாள் இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கக்காற்றில் மட்டும் பத்து முறை இறங்குவேன். சிபிஎல்லுக்கு எப்படியும் கேட்கும் 300 கடல் மைல் பயணத்தை, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி, சீக்கிரமே முடித்துவிடுவேன். அறிமுகமில்லாத விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ரேடியோவில் பேசும்போதுதான் நம் நாக்கு எவ்வளவு குழறுகிறது என்று தெரியும்!

வானிலையியல், நேவிகேஷன் பாடங்களையும் இந்த இடைவெளியிலேயே படிக்கத் தொடங்கலாம். தினமும் வானிலை அறிக்கையைப் பார்த்து, மேகம் எங்கே நிற்கும் என்று முதலில் நாமே கணித்துவிட்டு, பிறகு சன்னலைத் திறந்து சரிபார்ப்பது நல்ல பாடம்.

இன்னொன்று, மருத்துவச் சான்று. பிபிஎல்லுக்கு இரண்டாம் வகுப்பு போதும், சிபிஎல்லுக்கு முதல் வகுப்பு வேண்டும். என்னோடு படித்த ஒருவர் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டு முதல் வகுப்புச் சோதனைக்குப் போனார். இசிஜியில் ஏதோ தென்பட, மேல் பரிசோதனைகளிலேயே ஆறு மாதம் போய்விட்டது. கடைசியில் சான்று கிடைத்தது. ஆனால் பயிற்சியில் அவருடைய இடம் போயிருந்தது.

அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிடும்போது, முதல் வகுப்புச் சான்று கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பணம் கட்ட வேண்டாம் என்று ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிபிஎல் மாணவி