பீப் அடித்தால் எங்களை விடுங்கள்

பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் கடையும் பணிமனையும் நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு,

வணக்கம். நான் சேன்-ஆந்த்ரேயில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். பாண்டிச்சேரியில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வேறு வேலை பார்த்துக்கொண்டே சில நாள் பட்டாளத்துக்குப் போகும் ரிசர்வ் படையில் நான் கையெழுத்துப் போட்டது அவர் நினைவாக. தீயணைப்புத் தொண்டராகச் சேர்ந்தது இந்த ஊருக்காக. அழைப்புக் கருவி பீப் அடித்தால் கைவேலையை விட்டு ஓட வேண்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி கல்லாவில் இருந்தபடியே ஒருநாள் கேட்டார்: "பட்டாளமா, பொம்பியேவா, கடையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா." பொம்பியே என்றால் தீயணைப்பாளர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே மாதிரி விடுப்பு இல்லை. ரிசர்வ் நாள்களை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு 10 வேலை நாள். 50 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் இடமென்றால் முதலாளி அதை 5 ஆக்கிக்கொள்ளலாம். நம் கடைகளில் பெரும்பாலும் அந்த 5 நாள்தான் பேச்சு. சேன்-பியேர் பக்கம் பியேர்ஃபோன் பட்டாள முகாமுக்குப் போகும் தேதிகளைக் கடைக் காலண்டரில் நானே வட்டம் போட்டு வைக்கிறேன். ஸ்டாக் எடுக்கும் வாரத்தில் ஒருபோதும் போனதில்லை.

தீ தேதி சொல்லிக்கொண்டு வராது. இப்போதைய கடையில் ஒருநாள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். பீப் அடித்தது. தராசுத் தட்டில் ஆணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அடுப்படி எரிந்தது. கூரைத் தகரம் சூட்டில் நெளிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. பாட்டியம்மாவை வெளியே உட்கார வைத்தால், சாமி படம், சாமி படம் என்று என் கையை விடவே இல்லை. அன்று வண்டியில் வந்தவர்களில் ஒருவர்தான் சம்பளத்து ஆள், மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போல வேறு வேலையிலிருந்து ஓடி வந்தவர்கள். பிரான்சு முழுக்கவே தீயணைப்பாளர்களில் ஐந்தில் நாலு பேர் போலத் தொண்டர்கள்தான். திரும்பி வந்தபோது என் முதலாளியே மீதி ஆணியை நிறுத்துக் கொடுத்து முடித்திருந்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாக் கடையிலும் அப்படி ஒருவர் இருப்பாரா? இருக்க மாட்டார். அதனால்தான் காகிதம் வேண்டும். வேலை நேரத்தில் எப்போது போகலாம், எப்போது கூடாது என்று தீயணைப்புத் துறையும் முதலாளியும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த மணி நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தால், எங்களுக்கு வரும் படியை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். பல பேருக்கு இது தெரியாது.

2011இல் நம் தீவின் மைதோ மலை எரிந்தபோது 2,700 ஹெக்டேருக்கு மேல் போனது. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிரான்சிலிருந்து ஆளும் விமானமும் வர வேண்டியிருந்தது. அவர்கள் வந்து சேரும்வரை தீக்கு முன்னால் நிற்பது உள்ளூர்க்காரன்தான். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயலடித்தபோது ஊதா எச்சரிக்கை, அதுதான் உச்சம், எங்களுக்கே வெளியே போக அனுமதியில்லை. கசெர்னுக்குள், அதாவது தீயணைப்பு நிலையத்துக்குள் உட்கார்ந்து ஊர்க் கூரைகள் பறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதைவிடக் கொடுமையான காத்திருப்பை நான் அறியேன். எச்சரிக்கை இறங்கியதும் ரம்பத்தோடு தெருவுக்கு வந்தோம். புயலென்றால் முதலில் கசெர்ன், பிறகுதான் முகாம் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் எனக்குக் குழப்பமில்லை. கடையோடும் அப்படி ஒரு பேச்சு முன்னாலேயே இருந்தால் போதும்.

தீமிதிக்குக் காப்புக் கட்டினவனை நீங்கள் யாரும் கணக்குக் கேட்பதில்லை. விரதத்தில் இருக்கிறான் என்று பாரமான வேலையைக்கூட மற்றவனுக்கு மாற்றிவிடுகிறீர்கள். அந்த மனசு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். ரிசர்வுக்குப் போன 5 நாளைக் காட்டி, "இந்த வருஷம் உன் பங்கு முடிஞ்சுது, பீப்பை வீட்டிலேயே வை" என்று சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் உங்கள் கடையில் தொண்டர் யாரென்று கேளுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஊர் கசெர்னுக்கு வாருங்கள். நாங்கள் குழாய் உலர்த்திக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவரின் கடைச் சிப்பந்தி