கெய்னைக் கொஞ்சம் குறைத்துப் பாரம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய கிடார் பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். விரல் அருமையாக ஓடுகிறது. ஆனால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு மாறும் இடத்தில் எந்தக் கார்டு என்றே பிடிபடவில்லை, எல்லாம் ஒரே இரைச்சலாகக் குழைந்துவிடுகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் சரியில்லை, வேறு வாங்கப்போகிறேன் என்கிறாய். உன்னிடம் இருக்கும் பாஸ் (Boss) டிஎஸ்-1 1978-லிருந்து எத்தனையோ பேர் கைபட்ட பெடல் அம்மா. அதன் மேல் தப்பில்லை.

கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழை, உன் பெடலில் DIST என்று எழுதியிருப்பதை, பாதிக்கும் கீழே இறக்கு. பெடலுக்குள் இருக்கும் சிலிக்கான் டையோடுகள் என்ற சின்ன மின்பாகங்கள் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் எழும் அலையின் தலையைச் சீவிவிடும். கெய்ன் ஏற ஏற இன்னும் ஆழமாகச் சீவும். மெல்ல மீட்டியதும் ஓங்கி அடித்ததும் கடைசியில் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். நீ பிக்கில் கொடுக்கிற அழுத்தம் தொலைந்துபோவது அங்கேதான். போதாததற்கு, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது ஒலிகளைக் கிளப்பும். கார்டின் அடிச்சுரமான ரூட்டும் அதிலிருந்து ஐந்தாவது சுரமும் மட்டும் என்றால் அவை ஒத்துப்போகும். மூன்றாவது சுரத்தைச் சேர்த்தால் கரகரவென்று மோதும். மூன்றாவதை விட்டுவிட்டுப் பவர் கார்டு வாசிப்பது அதனால்தான். முழுக் கார்டு வேண்டுமென்றால் கெய்னைக் குறைத்தே ஆகவேண்டும்.

அடுத்தது டோன். இதில் அப்பா பட்டிருக்கிறேன். முதல் மேடைக்கு முன்னால் அறையில் தனியாக உட்கார்ந்து, நடு ஒலியான மிட்டை முழுக்க இறக்கி, கீழ் ஒலியான பேஸையும் மேல் ஒலியான ட்ரெபிளையும் ஏற்றி வைத்தேன். அறையில் இடி மாதிரி கேட்டது. மேடையில் கீழ்ப்பக்கத்தை பேஸ் கிடார் எடுத்துக்கொண்டது, மேல்பக்கத்தை சிம்பல் எடுத்துக்கொண்டது, என் சோலோ ஒருவர் காதிலும் விழவில்லை. கிடாரின் குரல் இருப்பதே மிட்டில்தான். உன் பெடலில் டோன் குமிழ் நடுவில் நின்றால் மிட் குழிந்துவிடும். அதைக் கடிகார முள் 9-ல் நிற்கிற மாதிரி திருப்பி வை, கிடார் ஒலிபெருக்கியான ஆம்ப்பில் மிட்டை ஏற்று. கூட வாசிப்பவர்களை வைத்துக்கொண்டு சரிபார், தனியாக வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் மனசு நிறையவில்லை என்றால் தாராளமாக வாங்கு. ஆம்ப்பே கொஞ்சம் கரகரக்கும் என்றால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் பார்; கரகரப்பைக் கூட்டும் ட்ரைவைக் குறைத்து, ஒலியளவான லெவலை ஏற்றினால் மிட் முன்னால் வந்து நிற்கும். இன்னும் முரட்டுத்தனம் வேண்டுமானால் ராட் (RAT) பெடல். அதில் ஃபில்டர் குமிழ் தலைகீழ், வலப்பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும். கடையில் உன் கிடாரையே கொண்டுபோய் வாசித்துப் பார்.

அடாப்டர் 9 வோல்ட்தானா, நடுமுனை நெகட்டிவ்தானா என்று பார்த்துச் செருகு. பேட்டரி போட்டிருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றிவிடு. செருகியே இருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதே பாட்டை இன்னொரு தடவை பதிவு செய். சரணத்துக்குக் கிடாரின் வால்யூமை 6-ல் வை, பல்லவிக்கு 10-க்கு ஏற்று. பெடலைத் தொடாதே. ராத்திரி எத்தனை மணியானாலும் அனுப்பு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா