கூத்துக் கட்டை செய்ய நன்கொடை வேண்டுகோள்

திரௌபதி அம்மன் துணை

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே,

சித்திரையில் பாரதக் கூத்து விழாவுக்குக் கொடி ஏறப் போகிறது. கூத்தாடுபவர்கள் அணியும் மர அணிகலன்களான கூத்துக் கட்டை இன்னும் கைக்கு வரவில்லை. 40,500 ரூபாய் குறைகிறது.

செய்யாறு, வந்தவாசிப் பக்கம் பெரும்பாலும் கூத்தாட வரும் ஜமாக்காரர்களே கட்டை கொண்டுவந்துவிடுவார்கள். நம் ஊரில் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாமே அம்மன் சொத்து. பாட்டன்மார் கல்யாண முருங்கை மரம் வெட்டி, நிழலில் காயவைத்து, ஆசாரியை ஊரிலேயே தங்கவைத்துச் செதுக்கச் சொன்னவை. மரம் லேசு என்பதால்தான் அவ்வளவு பெரிய கிரீடத்தோடு விடியவிடிய கிறுகி ஆட முடிகிறது. கேஸ் லைட் வெளிச்சத்தில் திரை விலகியதும் ஒட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லெல்லாம் பளீரென்று மின்னுமாம். அதைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். பக்கத்து ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை.

அந்த லேசான மரம்தான் புழுவுக்கும் தோது. போன வருஷம் பெட்டியைத் திறந்தால் கர்ணன் புஜக்கட்டையின் உள்பக்கம் மாவாக உதிர்ந்தது. சணல் கயிற்றால் கட்டித்தான் கர்ண மோட்சத்தை ஒப்பேற்றினோம். பதினெட்டாம் போருக்குத் துரியோதனன் கிரீடம் இரவல். கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஊருக்கே கேட்டது.

கணக்கு இது: புதுக் கட்டை இரண்டு செட் 76,000. பழையதைச் சரிசெய்து கண்ணாடி ஒட்ட 24,000. புழு ஏறாத தகரப் பெட்டிகள் 12,000. மொத்தம் 1,12,000 ரூபாய். வசூலானது 71,500. முன்பணம் கொடுத்தாயிற்று. செதுக்கும் வேலை முடிந்தது. மீதியைத் தந்தால்தான் ஆசாரி கண்ணாடி, ஜிகினா வேலையைத் தொடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு அம்மன் குறை வைக்கமாட்டாள். கேட்காமலே முதல் ஆளாக 10,000 தந்த ஓய்வுபெற்ற வாத்தியார், நூறு நாள் வேலைக் கூலியில் ஆளுக்கு 200 சேர்த்த மேட்டுத் தெருத் தாய்மார்கள், சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தம்பிகள், சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த டீக்கடை அண்ணன், கல்யாண முருங்கை மரத்தைக் காசு வாங்காமல் வெட்டிக்கொள்ளச் சொன்ன கிழக்குத் தெருக் குடும்பம், அறுத்து ஏற்றிவந்த டிராக்டர்காரர் என எல்லோருக்கும் குழுவின் நன்றி. பெயர்ப் பட்டியல் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பட்டியலில் இல்லாத பெயர்களும் ஊருக்குத் தெரியும். கட்டாயம் இல்லைதான். ஆனால் காதுகுத்துக்கு ரோடு நீளம் ஃபிளெக்ஸ் வைத்த வீடுகளில் தலைக்கட்டு வரி 500 கூட இன்னும் பாக்கி என்றால் என்ன சொல்வது? தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ள மட்டும் முதலில் வருகிறோம்.

சரி, இயன்றதைக் கொடுங்கள். உண்டியலில் போட வேண்டாம், அது வேறு கணக்கு. பங்குனி கடைசி வெள்ளிக்குள் பொருளாளரிடம் நேரில் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாரத விழாக் குழுவினர்