அன்னா அமாலியாவின் வைமார்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. வீட்டோடு இருந்ததில் நிறையப் படிக்க முடிந்தது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியின் பழைய சமஸ்தானங்களில் ஒன்றான சாக்ஸ-வைமார்-ஐசனாக்கின் வரலாறு. அதன் தலைநகர் வைமார் என்றாலே எல்லோரும் கவிஞர் கதேயைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ, அந்தப் பெருமையில் முதல் பங்கு அதை ஆண்ட அன்னா அமாலியாவுக்குத்தான் சேர வேண்டும் என்று படுகிறது. 1758-ல் அவளுடைய கணவரான டியூக் (சமஸ்தான மன்னர்) இறந்தபோது அவளுக்கு வயது 18. கையில் ஒரு வயதுகூட நிறையாத மகன் கார்ல் அகஸ்ட், வயிற்றில் இன்னொரு பிள்ளை. வெளியே ஏழாண்டுப் போர். தாய்மாமன் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக். அவளுடைய சமஸ்தானமோ அவரை எதிர்த்து நின்ற புனித ரோமப் பேரரசைச் சேர்ந்தது. இந்த நெருக்கடிக்கு நடுவில் மகனுக்காக 1775 வரை ஆட்சியை நடத்தினாள். அவனுக்குப் பாடம் சொல்ல எழுத்தாளர் வீலாண்டை அழைத்து வந்தாள். கதே வந்து சேர்ந்தது மகன் பட்டமேறிய பிறகுதான்.

1806-ல் பிரஷ்யாவை யேனா போரில் வென்ற நெப்போலியனின் படை வைமாரைச் சூறையாடியது. கார்ல் அகஸ்டோ பிரஷ்யப் படையோடு வெளியே இருந்தார். அரண்மனையை விட்டு நகராமல் நெப்போலியனை நேருக்கு நேர் சந்தித்துப் பேசியவள் கார்ல் அகஸ்டின் மனைவி லூயிசே. 1815-ல் ஐரோப்பிய அரசுகள் கூடிய வியன்னா மாநாடு இந்தச் சமஸ்தானத்தை கிராண்ட் டச்சியாக, அதாவது இன்னும் உயர்ந்த தகுதியுள்ள அரசாக, உயர்த்தியது. மறு ஆண்டே கார்ல் அகஸ்ட் அரசியல் சாசனம் தந்தார், பத்திரிகைச் சுதந்திரத்தோடு. மற்ற ஜெர்மன் மன்னர்கள் இதற்காகவே அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1918-ல் கடைசி கிராண்ட் டியூக் முடிதுறந்ததோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் வைமாரில் இருக்கும் நூலகம். 1766-ல் அரச குடும்பத்துப் புத்தகங்களை அன்னா அமாலியா ஒரு பழைய மாளிகைக்கு மாற்றினாள். அதே கட்டடம் 2004 செப்டம்பர் 2 இரவு தீப்பிடித்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் புத்தகங்கள் புதிய காப்பகத்துக்குப் போயிருக்கும்! ஊழியர்களும் ஊர்க்காரர்களும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த பைபிளின் 1534-ம் ஆண்டுப் பிரதி தப்பியது. சுமார் 50,000 நூல்கள் போய்விட்டன. அவள் ஆசையாகச் சேர்த்த இசைப் பிரதிகளில் பெரும்பகுதியும் சாம்பல்.

நனைந்த புத்தகங்களை உறையவைத்து லைப்சிக் நகருக்குக் கொண்டுபோய் ஈரம் போக்கினார்கள். ஓரமெல்லாம் கருகி நடுவில் மட்டும் எழுத்து மிஞ்சிய தாள்களைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் கழுவி, எரிந்துபோன இடத்தைப் புதிய காகித நாரால் நிரப்பிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நூலகம் மறுபடி திறந்தது 2007 அக்டோபர் 24-ல், அவளுடைய பிறந்தநாளில்.

உன் அப்பாவின் புத்தகங்கள் பரணில் கிடப்பதாக எழுதியிருந்தாயே, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன், இருவரும் உட்கார்ந்து பிரிக்கலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்